கயிற்றை இழுத்தது யார்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், வெளியே இருக்கும் சத்தத்தை உள்ளே விடாமல் தடுப்பது என்று சொல்வேன். கேட்டவர் ஒரு நிமிஷம் என்னை ஏதோ பெரிய ஆன்மிகப் புள்ளி என்று நினைத்து நிமிர்ந்து உட்காருவார். அப்புறம்தான் விஷயத்தை உடைப்பேன். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், கார்க் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை பொருத்துகிறவன் நான். கார் நகர்ந்துகொண்டே இருக்கும். நானும் கூடவே நடந்தபடி ரப்பரைக் கதவு ஓரத்தில் உட்கார வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு இடத்தில் மடங்கினாலும் காரை வாங்கியவர் காதில் காற்று ஊதும். இத்தனை வருஷம் அழுத்தியதில் என் கட்டைவிரல் இரண்டும் தோசைக் கரண்டி மாதிரி தட்டையாகிவிட்டன. வாசலில் விரல் வைக்கும் மெஷின் பல நாள் என்னை ஆள் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

ரப்பர் சரியாக உட்காராவிட்டால், தலைக்கு மேல் லைன் நெடுக ஓடும் மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் ஒரு பாட்டு வரும். லைனில் அவரவர் வேலை செய்யும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனிப் பாட்டு. எந்தப் பாட்டு என்று கேட்டே எங்கே சிக்கல் என்று டீம் லீடர் கண்டுபிடித்து ஓடி வருவார். அவர் வந்து பார்த்து, கயிற்றை மறுபடி இழுக்கும்வரை அது நிற்காது. கார் என் இடத்தைத் தாண்டுவதற்குள் அவர் வராவிட்டால் லைனே நின்றுவிடும்.

என் ஸ்டேஷன் பாட்டு, ஐஸ் வண்டி மணியையும் ரிவர்ஸ் எடுக்கும் லாரியையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியது மாதிரி இருக்கும். மேலே மேலே ஏறும். இதோ முடியப்போகிறது என்று நினைக்கும்போது, கடைசிப் படியில் கால் வைக்காமல் சட்டென்று கீழே இறங்கி முதலிலிருந்து ஆரம்பிக்கும். தும்மல் வந்து வந்து போகிற மாதிரி ஓர் அவஸ்தை. லைனிலேயே அதிகமாகக் கயிறு இழுப்பவன் நான்தான் என்பதால் எல்லோரும் அந்த அவஸ்தையை என் கணக்கில்தான் எழுதினார்கள். டீம் லீடர் வரும்போதே, "இன்னாபா, இன்னிக்கும் கச்சேரியா?" என்றுதான் வருவார். ஆனால் பக்கத்தில் வந்து நின்றதும் குரல் மாறிவிடும். "இன்னா ஆச்சு?" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் அடிமை. வீட்டில் யாரும் என்னை அவ்வளவு அக்கறையாய்க் கேட்டதில்லை.

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. எதைப் பார்த்தாலும் அதில் ஒரு தேவ பாடம் தெரிந்துவிடும். மிக்ஸி மூடியை அழுத்திப் பிடிக்காவிட்டால் சட்னி சுவருக்குப் போகிறது. மனசுக்கும் ஒரு மூடி வேண்டும். குக்கரில் விசில் வருமுன் திறக்கப் பார்க்கிறோம். ஆண்டவருடைய நேரத்துக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. இப்படி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தகரக் கொட்டகைச் சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால், பாஸ்டர் என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணான என் மனைவிதான் இதற்கு மாற்று மருந்து. "அத்தான், சட்னியச் சட்னியா திங்க விடுங்க," என்பாள். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நான் யோசனையாய் நின்றால் போதும், "ஒண்ணும் சொல்லப்படாது, துணிய மட்டும் எடுங்க," என்று முந்திக்கொள்வாள்.

அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று, அழைத்துப் போக அவள் அம்மா, என் அத்தை, ஊரிலிருந்து கிளம்ப இருந்தார்கள். அதற்குள் ஒரு காலையில் உள்ளே அசைவு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அழைத்துப் போக வந்த அத்தை, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கப் போகிறார்களாம் என்று பக்கத்து பெஞ்சில் யாரோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு சுருங்கிப்போனது. ம். சரி. வேண்டாம். அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கென்று அவள் முன்னமே வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரத்தை யாரும் கழற்றவில்லை. பண்டிகை போய், பொங்கல் போய், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்த பிறகும் அது வெயிலில் வெளுத்து, காற்றே இல்லாத நேரத்திலும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. ஷிப்ட்டைப் பொறுத்து நேரம் மாறும், ஆனால் தவறாது. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் வாய்விட்டு ஜெபிப்போம். முதலில் நான், பிறகு அவள், கடைசியில் அத்தை. நான் முடித்ததும் அவள் முறை வரும். ஒன்றும் வராது. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மௌனம் நீண்டுகொண்டே போகும்போது, அறையில் இன்னொருவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். யார் என்று பார்க்கக் கண்ணைத் திறக்கவும் பயமாக இருக்கும். கடைசியில் அத்தை தாங்கமாட்டாமல் தன் ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார்கள், பாதி அழுகையோடு.

நான் என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். பாடம் சொன்னேன். மாடித் தொட்டியில் இலை உதிர்ந்த செடியைக் காட்டி ஏதோ ஆரம்பித்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் ஒரு பாடம் இருக்கணுமா அத்தான்?" என்றாள்.

அந்த மாதங்களில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அன்றோடு என் கடை மூடியது.

அத்தை ஒரு முடிவுக்கு வந்தார்கள். "மருமவனே, சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய. அடுத்த வாரம் சனிக்கிழம பஸ்ஸுல இவள நான் கூட்டிட்டுப் போறேன். இங்க வச்சிருந்தா செல்லரிச்சுப் போவா."

"எவ்வளவு நாளைக்கு அத்தை?"

அத்தை சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இப்படி வாய் மூடிப் போகிறவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அங்கே அவள் அறை, அவள் கட்டில், அவள் சபை எல்லாம் இருக்கின்றன. இங்கே இருப்பது நானும் என் தோசைக் கரண்டி விரல்களும்தான்.

அந்தச் சமயத்தில்தான் பாட்டு ஆரம்பித்தது.

முதலில் ஒரு மத்தியானம். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி வைத்திருக்கிறேன். வெளியே உச்சி வெயில் கொளுத்தும். உள்ளே கிணற்றுக்குள் இருப்பது மாதிரி இருட்டு. அந்த இருட்டில் விழித்துக்கொண்டேன். எங்கிருந்தோ என் ஸ்டேஷன் பாட்டு வந்தது. மெதுவாக, மெஷினில் வருவதைவிட மெதுவாக. ஏறியது, ஏறியது, கடைசிப் படிக்கு முன் இறங்கியது. பழக்க தோஷம், என் கை தானாக மேலே போய்க் கயிற்றைத் தேடியது. கையில் கொசுவலை அகப்பட்டது. இழுத்தேன். வலை முழுக்க என் மேல் விழுந்தது. நான் அதற்குள் சிக்கிப் புரளும்போது பாட்டு நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் அத்தை சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வீடு அமைதியாக இருந்தது.

கனவு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் வந்தது. பல் தேய்க்கும்போது ஒரு தடவை. சட்டை மாட்டும்போது, காலருக்குள் தலை இருந்த நேரம் பார்த்து ஒரு தடவை. சட்டையை விட்டுத் தலை வெளியே வருவதற்குள் ஓய்ந்துவிட்டது.

கம்பெனி மருந்தகத்தில் போய்க் காதைக் காட்டினேன். நர்ஸம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "காது நல்லா கீதுண்ணா. அதுக்கு மேல செக் பண்ண இங்க மெஷின் இல்ல," என்றார். பக்கத்து ஸ்டேஷன்காரனிடம் சொன்னேன். "உனக்குப் பாட்டுன்னா உசுரு. அதான் வூட்டுக்கு கூட்டினு போயிட்ட," என்றான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அன்றைக்கு ஒரு தடவை கூடக் கயிற்றை இழுக்காமல் சமாளித்தேன். அந்தப் பாட்டை என் கையால் எழுப்ப எனக்கு தைரியம் வரவில்லை.

கீழ்வீட்டுக்காரம்மாதான் முதலில் என்னை நிஜமாகப் பயமுறுத்தினார். எங்களுக்கு மேல் போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவர். படியில் நிறுத்தினார்.

"இன்னாப்பா, பொம்ம ஏதாவது வாங்கி வச்சிகிறியா?"

"என்ன பொம்மைம்மா?"

"கொயந்த பொம்ம. சாவி குடுத்தா பாடுமே, அது மாதிரி கேக்குது மேல. அதெல்லாம் வூட்ல வச்சிக்காத கண்ணு. மனசுக்கு ஆகாது." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு தபா வல்லக்கோட்டைக்குப் போயிட்டு வாங்களேன். எந்த ஆளு, எந்த சாமின்னுலாம் முருகரு கேக்க மாட்டாரு."

நன்றி சொல்லிவிட்டு மேலே வந்தேன். அப்படியானால் என் காதில் மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் பொம்மையும் இல்லை. பிறக்குமுன் பிள்ளைக்கு எதுவும் வாங்கிச் சேர்க்கக் கூடாது என்பது அத்தை ஊர்ப் பழக்கம். ஒரு துணி, ஒரு தொட்டில், ஒரு கிலுகிலுப்பைகூட வாங்க விடவில்லை. வந்து போனதற்கு ஓர் அடையாளம் இல்லாமல் வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அந்த வாரம் நான் ஒரு நாள் லீவு போட்டிருந்தேன். வெளியே போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை என் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்கள்.

"மருமவனே, இந்த வீட்டுல என்னமோ பாடுது."

கரண்டி என் கையில் இருந்திருந்தால் விழுந்திருக்கும். நல்லவேளை, சோறுதான் விழுந்தது.

"குழாயில தண்ணி பிடிச்சிட்டு நிக்கேன். தலைக்கு மேல கேக்குது. சின்ன சத்தமா, கொஞ்சுத மாதிரி. இப்படி..." என்று வாய்க்குள்ளேயே முனகிக் காட்டினார்கள்.

அதே பாட்டு. கம்பெனி வாசலைக்கூடப் பார்க்காத அத்தை. ஏறியது, ஏறியது, எல்லாம் சரி. ஆனால் அத்தையின் பாட்டு இறங்கவில்லை. அந்தக் கடைசிப் படியிலும் கால் வைத்து, நிதானமாக நின்றது. இத்தனை வருஷமாக நான் காத்திருக்கும் அந்தக் கடைசிச் சுரம்.

"கடைசியில் அப்படி இல்லை அத்தை," என்று வாய் வரை வந்தது. எனக்குத் தெரிந்த பாட்டு என்று சொல்லப்போய், நான்தான் ஏதோ கூட்டி வந்துவிட்டேன் என்று முடியுமே என விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் பாஸ்டர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். எங்கள் பாஸ்டருக்கு வீடு சுத்திகரிப்பு என்றால் தனி வேகம். ஒவ்வொரு நிலையிலும் எண்ணெய் தொட்டு வைத்து, ஹாலில் நின்று கையை உயர்த்திக் கட்டளையிட்டார். அத்தை முட்டிபோட்டிருந்தார்கள். என் மனைவி உடம்பு முடியவில்லை என்று முன்னமே எழுந்து போயிருந்தாள். உச்சக் குரலில் போய்க்கொண்டிருந்தவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த ஒரு மூச்சு இடைவெளியில், மேலேயிருந்து, மெலிசாக, பாட்டு கேட்டது.

நாங்கள் மூவரும் அசையவில்லை. பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஐஸ் வண்டி போகுது போல," என்றார்.

எங்கள் தெரு முட்டுச் சந்து. வண்டி எதுவும் வரவில்லை. பாஸ்டர் மீதி ஜெபத்தைச் சுருக்கமாக முடித்து, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார். என் சாட்சிக்குக் கடிகாரம் பார்க்கிறவர், அன்றைக்குத் தன் ஜெபத்துக்கே பார்த்ததை நான் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன்.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் வந்துவிட்டது. அவள் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. எனக்கு செகண்ட் ஷிப்ட். மத்தியானம் பஸ் ஏறிப் போனேன். வெளியூரிலிருந்து வர வேண்டிய பார்ட்ஸ் லாரி வரவில்லை, லைன் ஓடாது என்று வாசலிலேயே எங்களைத் திருப்பி, அதே பஸ்ஸில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அத்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவளைக் காணவில்லை. பெட்டி மட்டும் நடு ஹாலில் நின்றது.

பாட்டு மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு மொட்டை மாடிப் படி ஏறினேன். வெயில் கண்ணைப் பிடுங்கியது. தூரத்தில் கம்பெனி கூரைகள் தகரமாய்ப் பளபளத்தன. மாடி முழுக்கத் துணி காய்ந்தது. எதிரே என் கம்பெனி யூனிபார்ம், தலையில்லாமல், இரண்டு கையையும் ஆட்டி என்னைக் கூப்பிட்டது. அதற்குப் பின்னால் வெள்ளைப் போர்வை. போர்வைக்குப் பின்னால் பாட்டு. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஓடிவிடு என்று கால் சொன்னது. எங்கே ஓடுவது என்று முட்டி கேட்டது. ஆண்டவரே என்றேன், அதற்கு மேல் எனக்கும் ஜெபம் வரவில்லை. போர்வையை விலக்கினேன்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. வாய் மூடியிருந்தது. பாட்டு அவள் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தரை சுட்டது. அதைக்கூட அப்புறம்தான் உணர்ந்தேன்.

"உனக்கு எப்படிம்மா தெரியும் இந்தப் பாட்டு?"

"நீங்க பாடுனதுதான அத்தான்."

"நானா?"

"நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்குவியள்லா. தூக்கத்துல, வாய மூடிக்கிட்டுப் பாடுவிய. நான் பக்கத்துல படுத்துக் கெடப்பேன். நீங்க ஆரம்பிச்சா உள்ள பிள்ள அசையும். கரெக்டா அசையும்." அவள் கை வயிற்றை விட்டு நகரவில்லை. "தாலாட்டுப் பாடப் பழகுதியன்னு நெனச்சேன். கேட்டா வெக்கப்படுவிய, அதான் கேக்கல."

அந்தத் தரையிலேயே அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அம்மா ஒரு துணி வாங்க விடல. அதுக்குன்னு இந்த வீட்டுல இருந்தது இந்தப் பாட்டு ஒண்ணுதான். இதுவும் எனக்கு மறந்து போச்சுன்னா..." என்று நிறுத்தினாள். "அதான் அப்பப்ப பாடிப் பாத்துக்கிடுதேன். ஊருக்குப் போனா மறந்துரும்னு பயமா இருக்கு."

அவள் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். நாங்கள் எல்லோரும் அவளுக்கு என்னென்னவோ பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவளே கேட்டாள். "என்ன பாட்டு அத்தான் அது? ஏன் கடைசில முடிய மாட்டேங்கு?"

தாலாட்டுதான் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள். ஆனால் அந்த வெயிலில், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கயிற்றைப் பற்றிச் சொன்னேன். ரப்பர் உட்காராவிட்டால் இழுப்பது, பாட்டு வருவது, எல்லாம் சொன்னேன்.

நான் பயந்த மாதிரி அவள் அழவில்லை. கவனமாகக் கேட்டாள்.

"யாராச்சும் வர்ற வரைக்கும் நிக்காதா?"

"நிக்காது."

"வர்றவரு ஏசுவாரோ?"

"கிண்டல் பண்ணுவாரு. ஆனா பக்கத்துல வந்து நின்னுட்டா, இன்னா ஆச்சும்பாரு. அதான் மொதல்ல கேப்பாரு."

"அவரு வரலேன்னா?"

"மொத்த லைனும் நின்னுடும்."

"ஒரு ஆளுக்காகவா?"

"ஒரு ஆளுக்காக."

வேதத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. வார்த்தையாக வராத பெருமூச்சைக்கூட மேலே இருப்பவர் ஜெபமாக எடுத்துக்கொள்கிறார் என்ற அர்த்தத்தில் ஓர் இடம். எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. வாயில் வந்து முட்டியது. என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல பாடம் என் கையில் அகப்பட்டதில்லை. இரண்டு கட்டைவிரலையும் வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அவள் தொட்டியில் சாய்ந்துகொண்டு யோசித்தாள். "நான் ஜெபமே பண்ணலேன்னுதான அம்மா தெனமும் அழுதா," என்றாள் மெதுவாக. பிறகு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "அப்ப நான் கயித்த இழுத்துக்கிட்டுதான் இருந்திருக்கேன்," என்றாள்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"இத சபையில போயி சாட்சின்னு சொன்னிய, பாத்துக்கிடுங்க."

எத்தனையோ மாதம் கழித்து அவள் என்னைத் திட்டினாள். யூனிபார்ம் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காயப் போட்டிருந்த அதே சட்டைதான். ஈரம் யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம். நான் ஜெபித்தேன், சுருக்கமாக. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் முறை வந்தது. ஃபேன் சுற்றியது. மௌனம் வந்து எங்கள் நடுவே உட்கார்ந்தது. அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானார்கள்.

அவள் பாடினாள். வாயை மூடிக்கொண்டு, மூக்கால், அந்தப் பாட்டை. அத்தை கண்ணைத் திறந்ததை நான் பார்த்தேன், ஏனென்றால் நானும் திறந்திருந்தேன். அத்தையின் முகத்தில் முதலில் பயம் வந்தது. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு நின்றது.

"ஆண்டவரே," என்றாள் என் மனைவி. "வந்து என்ன ஆச்சுன்னு கேளும்."

அவ்வளவுதான் ஜெபம். யாரும் ஆமென் சொல்லவில்லை. அத்தை முட்டியிலேயே நகர்ந்து போய் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்கள்.

"என்னட்டி ஆச்சு?" என்றார்கள்.

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. ஆறுதல் சொன்னோம். வசனம் சொன்னோம். கஞ்சி கொடுத்தோம். என்ன ஆச்சு என்றுதான் எங்களுக்கே தெரியுமே என்று இருந்துவிட்டோம். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் காலையில் எழுந்தது, கையை வைத்துப் பார்த்தது, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தது, என்னை எழுப்பலாமா வேண்டாமா என்று நின்றது, எல்லாவற்றையும். உலையில் வைத்த அரிசி குழைந்து கஞ்சியாகும்வரை சொன்னாள். நான் போய் அடுப்பை அணைத்தேன். அதில் பாடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவள் பெட்டி திரும்பக் கட்டிலுக்கு அடியில் போனது. "நான் வரலம்மா," என்றாள். "இங்கயே இருக்கேன்." அத்தை மறுத்துப் பேசவில்லை. அன்று மத்தியானமே நாற்காலி போட்டு ஏறி, வாசலில் இருந்த நட்சத்திரத்தை அவளே கழற்றினாள். காகிதம் கையில் பொடியாக உதிர்ந்தது.

சாயங்காலம் அத்தையைப் பஸ் ஏற்ற ஸ்ரீபெரும்புதூர் வரை நான் மட்டும் போனேன். பஸ் வர நேரமாயிற்று. பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை திடீரென்று கேட்டார்கள்.

"மருமவனே, அன்னைக்குக் குழாயடியில நான் கேட்டேம்லா. அதுவும் இவ பாடுனதுதானா?"

"ஆமா அத்தை. மாடியில உட்கார்ந்து பாடியிருப்பா."

"அதெப்படி? அன்னைக்குத்தான நீங்க லீவு போட்டுட்டு அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனிய. வீட்டுல நான் மட்டும்தான இருந்தேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அன்றைக்கு அவளுக்குச் செக்கப். காலையில் நாங்கள் இருவரும் பைக்கில் கிளம்பினோம். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அத்தை சொன்னார்கள். என் மனைவி பாடும் பாட்டு கம்பெனிப் பாட்டு மாதிரியே முடியாமல் இறங்கிவிடும். அவளே ஏன் என்று கேட்டாளே. அத்தை முனகிக் காட்டியதுதான் முடிந்தது.

"நல்லா கேட்டியளா அத்தை? கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும். முடிச்சிட்டு ஓஞ்சிது," என்றார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குப் பயமா இல்ல பாத்துக்கிடுங்க. யாரோ வந்து நின்ன மாதிரிதான் இருந்தது," என்றார்கள். பஸ் வந்துவிட்டது.

இதை நான் என் மனைவியிடம் சொன்னேன். பாஸ்டரிடம் சொல்லவில்லை, எண்ணெய்க் குப்பியோடு வந்துவிடுவார். அவள் கேட்டுவிட்டு, அம்மா முனகியதை எனக்கு முனகிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ஒரு தடவை தானும் அப்படியே முனகிப் பார்த்தாள், அந்தக் கடைசிப் படி வரைக்கும். பிறகு எழுந்து தோசை ஊற்றப் போனாள். அதற்கப்புறம் அவள் மாடியில் போய் உட்காரவில்லை. துணி காயப் போட மட்டும் போகிறாள்.

நான் இப்போதும் ரப்பர்தான் பொருத்துகிறேன். மடங்கினால் கயிற்றை இழுக்கிறேன். பாட்டு ஏறுகிறது. அது இறங்கப் போகும் அந்த இடம் வரும்போது, எனக்கே தெரியாமல் என் கை நின்று, தலை திரும்பி, காது எதையோ எதிர்பார்க்கிறது. அதற்குள் டீம் லீடர் வந்துவிடுகிறார்.

"இன்னா ஆச்சு?" என்கிறார்.